ஆட்டு வழக்குத் தமிழ்

ஜொகூர் பாரு
11-5-1935

அன்புள்ள சதாசிவத்துக்கு முனீர் எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடிதத்தின் அடிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முதலில் கோபம். அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

உன்னிடம் தமிழ் படிக்கும் கென்ரிக் துரை இந்த முறையும் தேறவில்லை. தேற விடாதது நான்தான். சங்கத்திலிருந்து உங்கள் பெரிய துரைக்குத் தகவல் வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் தோட்டத் துரைமார் சங்கம் சின்ன துரைமாருக்கு வைக்கும் தமிழ்ப் பரீட்சையின் கடைசிப் பகுதி உனக்குத் தெரிந்ததுதான். தோட்டத்து ஆள் ஒருவர் மேசைக்கு முன்னால் வந்து ஒரு முறையீடு சொல்வார். பரீட்சைக்கு வந்த சின்ன துரை அதைக் காதால் கேட்டு, தமிழில் விசாரித்து, தமிழிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டும். துரைக்கு உண்மையிலேயே புரிந்ததா என்று பார்க்கத்தான், கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலை பார்க்கும் என்னை இரண்டு வெள்ளைக்காரப் பரீட்சகர்களோடு மூன்றாவது ஆளாக உட்கார வைத்திருக்கிறார்கள். முறையிட வருகிறவர் எப்போதும் ஐயாசாமி. பரீட்சை நடக்கும் பங்களாவில் புல் வெட்டுகிறவர். நான் வருவதற்கு முன்பிருந்தே அவர்தான். பக்கத்து வீட்டு ஆடு தன் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது என்பார்.

இந்த முறை ஐயாசாமிக்கு என்னவோ ஆகிவிட்டது. "தொரை, என் கீரைய..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். உன் மாணவர் மெல்லக் குனிந்து, "பக்கத்து வீட்டு ஆடு" என்று எடுத்துக் கொடுத்தார்! "ஆமாங்க தொரை, ஆடு!" என்று ஐயாசாமி பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஆடு வெள்ளையா கறுப்பா, வேலி இருந்ததா இல்லையா, எல்லாவற்றையும் துரையே சொல்ல, ஐயாசாமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தீர்ப்பு கணீரென்று வந்தது: "ஆட்டைக் கட்டி வை. நாளைக்கு விசாரிக்கிறேன். நீ போய் வேலையைப் பார்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. "உங்கள் தோட்டத்தில் இன்றைக்கு மழையா?" என்று கேட்டேன். துரை கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலி போட வேண்டும்" என்றார்.

வாத்தியாரே, நீ சொல்லிக்கொடுத்தது தமிழ் இல்லை. ஆட்டு வழக்கு.

நலமா? வீட்டில் எல்லோரும் சுகமா? ஜெய்னம்பு விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அவளுக்கு உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

முனீர்

*

வெள்ளைப்பாலம் தோட்டம்
கோத்தா திங்கி
18-5-1935

அன்புள்ள முனீருக்கு சதாசிவம்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். என் மாணவனைத் தவறவைத்ததும் நீ, எனக்குப் புத்தி சொல்வதும் நீ!

ஆட்டை அவிழ்த்துவிட்டது யார்? உங்கள் சங்கம். வருஷா வருஷம் அதே ஐயாசாமி, அதே கீரை. இங்கிருந்து குளுவாங் வரைக்கும் துரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எந்த முன்ஷியை வேண்டுமானாலும் கேட்டுப் பார். முதல் பாடமே ஆடுதான். நான் ஆரம்பத்தில் துரைக்கு ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவரே ஒரு நாள் இங்கிலீஷில், "மாஸ்டர், பரீட்சைக்கு ஆடுதானே வரும்? மற்றத் துரைமாரெல்லாம் ஆட்டைத்தானே படிக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? ஒரே கேள்வியைக் கேட்கிறவனிடம் ஒரே பதிலைத்தான் கொண்டு வருவார்கள். உன் கேள்வி எப்படியோ என் பாடமும் அப்படித்தான்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால் எனக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

என் பள்ளிக்கூடம் எங்கே நடக்கிறது தெரியுமா? ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைவீட்டின் சாய்ப்பில். சுவரில் எங்கெங்கே இடுக்கோ அங்கெல்லாம் புகை. காலையில் பாடம் தொடங்கும்போது பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள், பாதியில் இருமுவார்கள். ஆபீசுக்குப் பக்கத்தில் பழைய அரிசி ஸ்டோர் காலியாகப் பூட்டிக் கிடக்கிறது. நல்ல ஜன்னல்கள், நல்ல வெளிச்சம். பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள் என்று பெரிய துரையிடம் கேட்டேன். "கென்ரிக்கைப் பாஸ் பண்ண வை. அப்புறம் பார்க்கலாம்" என்று இங்கிலீஷில் சொன்னார். அதனால்தான் நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கென்ரிக் துரைக்கும் இன்னும் ஒரு தடவைதான் இருக்கிறது. டிசம்பரில் தவறினால் கம்பெனி அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிடும். நல்ல மனுஷன். ஆள்கள் மேல் கை ஓங்காதவர். ஆள்கள் குடியிருக்கும் லயத்தில் கென்ரிக் என்று சொல்ல வராமல் அவரைக் கேணிக்கரைத் துரை என்கிறார்கள். அவரும் அதுதான் தன் பெயர் என்பதுபோல் திரும்பிப் பார்க்கிறார்.

டிசம்பரில் என்ன கேட்பீர்கள்? கேள்வியைச் சொல்ல வேண்டாம். எந்தத் திசை என்று மட்டுமாவது சொல்லேன்.

சதாசிவம்

*

ஜொகூர் பாரு
1-6-1935

அன்புள்ள சதாசிவத்துக்கு.

நீ சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பாதியைச் சங்கத்துக்கு எடுத்துப் போய்ச் சண்டை போட்டேன். ஐயாசாமிக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. பாவம், மனிதருக்கு ரொம்ப வருத்தம். "வேணும்னா ஆட்டுக்குப் பதிலா கோழின்னு மாத்திச் சொல்றேங்க" என்று கெஞ்சினார்.

டிசம்பரில் முறையிட வருகிறவர்கள் தங்கள் சொந்த முறையீட்டைச் சொல்வார்கள். அது என்ன என்று எனக்கே முன்கூட்டித் தெரியாது. தெரியவும் கூடாது. கோர்ட்டில் நான் தினம் பார்க்கிறேன், பாடம் பண்ணி வந்த சாட்சி குறுக்கே ஒரு கேள்வி வந்ததும் மரமாகிவிடுவான். துரைமாரும் அப்படி நின்றால் தோட்டத்து ஜனங்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? அவர்கள் குறையை ஒரு துரையாவது காதால் கேட்க வேண்டும் என்றுதானே இந்தப் பரீட்சையே?

ஆகையால் திசையும் கிடையாது, திக்கும் கிடையாது. நீ கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஒரே பெஞ்சில் படித்தோம் என்பதற்காக நான் கேள்வியை விற்க முடியாது. நீ அங்கே வாத்தியார் வேலை பார்க்கிறாயா, கிளி ஜோசியம் பார்க்கிறாயா?

முனீர்

*

வெள்ளைப்பாலம் தோட்டம்
9-6-1935

கனம் பொருந்திய பரீட்சகர் அவர்களுக்கு.

தாங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. என் தொழிலுக்குத் தாங்கள் கொடுத்த புதுப் பெயரைத் தெரிந்துகொண்டேன்.

பரீட்சகரும் வாத்தியாரும் கடிதம் எழுதிக்கொள்வது முறையல்ல என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. டிசம்பர் பரீட்சை முடியும் வரையில் நான் எழுத மாட்டேன். தாங்களும் எழுத வேண்டாம்.

தங்கள் மனைவியார் ஜெய்னம்பு அவர்களுக்கு மட்டும் என் அன்பு.

இப்படிக்கு,
சி. சதாசிவம்,
தமிழாசிரியர்

*

ஜொகூர் பாரு
31-10-1935

தீபாவளி அதிரசத்துக்கு எழுதும் கடிதம். சதாசிவம் வாத்தியாருக்கு அல்ல. அவர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

அதிரசமே, நீ துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் தனியாக வந்து சேர்ந்தாய். பஸ்ஸில் வந்த குலுக்கலிலும் உடையவில்லை. உன்னை அனுப்பியவரின் வீறாப்பும் அப்படித்தான். நீ நெய்யில் வெந்து மெத்தென்று இருந்தாய், உன்னை அனுப்பியவருக்கும் உள்ளே அப்படித்தான் இருக்கும் என்று ஜெய்னம்பு சொல்கிறாள். நான் நாலு தின்றேன்.

மு.

*

ஜொகூர் பாரு
8-12-1935

சதாசிவத்துக்கு.

பரீட்சை நேற்று முடிந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன். நோன்பு நேரத்தில் கோபப்படக் கூடாது என்பதால் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு ஆளை அனுப்பச் சொல்லியிருந்தோம். யார் என்று முன்ஷிகளுக்குத் தெரியக் கூடாது என்றும் சொல்லியிருந்தோம். உங்கள் தோட்டத்திலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கிருஷ்ணம்மா என்ற அம்மாள் வந்தார். ஒரு தோட்டத்து ஆளை வேறு தோட்டத்துத் துரையிடம் அனுப்புவது எங்கள் ஏற்பாடு. அந்த அம்மாளைப் பொந்தியானிலிருந்து வந்த துரைக்கு முன்னால் நிறுத்தினோம். அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. "சொல்லும்மா" என்றேன். "நம்ம தொரை அதோ குந்தியிருக்காரு. அவரு இருக்கையில வேத்துத் தோட்டத்துத் தொரைகிட்ட நான் ஏன் போய் மொறையிடணும்? நாளைக்கு இவரா வந்து செஞ்சு குடுப்பாரு?" என்று கேட்டார். இது பரீட்சை அம்மா, சும்மா கேட்பதற்குத்தான் என்று எவ்வளவோ சொன்னேன். "சும்மா கேக்குறதுக்கா ஒரு நாள் வேலைய விட்டுட்டு பஸ்ல ஏறி வந்தேன்?" என்று விறுவிறுவென்று நடந்து போய் கென்ரிக் துரைக்கு முன்னால் நின்றுவிட்டார். வெள்ளைக்காரப் பரீட்சகர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. "தொரை, நம்ம புள்ளைங்க படிக்கிற எடத்துல..." என்றுதான் அந்த அம்மாள் ஆரம்பித்தார். உன் துரை கையை உயர்த்தி, "பொகை. எனக்குத் தெரியும் அம்மா" என்றார். "காத்து ஆத்துப் பக்கமிருந்து வந்தா ரொம்ப மோசம். மூணாம் பெஞ்சில ஒக்காந்தா போர்டே தெரியாது. கண்ணைக் கசக்குனா இன்னும் எரியும், கசக்கக் கூடாது" என்று அடுக்கிக்கொண்டே போனார். இன்னும் கேள்: "அரிசி ஸ்டோர்ல இப்ப எலிதான் இருக்கு. எலிக்குப் பள்ளிக்கூடம் வேணாம். நான் பாஸ் ஆனா அந்த ஸ்டோரைத் தெறந்து விடுறேன். இது என் உத்தரவு." அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். பரீட்சகர்கள் இருவரும் முழு மார்க்குப் போட்டுவிட்டார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

முறையீட்டின் முதல் வரிக்கே முழுப் பதிலும் வந்தால் அதற்கு என்ன அர்த்தம், சதாசிவம்? ஐயாசாமிக்கு எடுத்துக் கொடுத்த அதே வாய்தான் இது. நீயே அந்த அம்மாளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கமும் பாடம் சொல்லி அனுப்பினாயா? பள்ளிக்கூடம் உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். இருபதாம் தேதிக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும். உள்ளதை எழுது.

முனீர்

*

வெள்ளைப்பாலம் தோட்டம்
12-12-1935

அட முனீர்!

உன் கடிதத்தைப் படித்து முதலில் பல்லைக் கடித்தேன். "மூணாம் பெஞ்சில ஒக்காந்தா" என்ற வரி வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

மூன்றாம் பெஞ்சு துரையினுடைய பெஞ்சு! ஜூன் மாதத்திலிருந்து அவர் அங்கேதான் உட்காருகிறார்.

உன் கிளி ஜோசியம் எனக்குச் சுருக்கென்று தைத்ததா? அன்று சாயங்காலம் துரை பாடத்துக்கு வந்தார். ஆடு செத்துப்போயிற்று, இனிமேல் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். "அப்படியானால் நான் எப்படித் தமிழ் படிப்பது?" என்றார். இருந்த கோபத்தில், "பிள்ளைகள் படிக்கிற மாதிரி படியுங்கள். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதை நான் மறந்துவிட்டேன். மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆள்கள் பால் வெட்டப் போனதும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்! பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். முழங்கால் மேசையில் இடிக்க, அந்தக் குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தார். வேலைக்கு இடையில் எப்போது ஒழிகிறதோ அப்போதெல்லாம் வந்துவிடுவார்.

இப்போது அவர் பேசுகிற தமிழ் முழுக்கப் பிள்ளைகளின் தமிழ். "சார், இவன் என்னைக் கிள்ளுறான்" என்று ஒரு நாள் சொன்னார். உண்மையிலேயே கிள்ளியிருந்தான். வெளியே போக வேண்டுமென்றால் விரலைக் காட்டுகிறார். வீட்டுப் பாடம் எழுதாமல் வந்தால் "வயித்து வலி சார்" என்கிறார். இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கவில்லை! கண் எரிந்தால் கசக்கக் கூடாது, ஈரத் துணியை ஒற்ற வேண்டும் என்பதும் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததுதான்.

கிருஷ்ணம்மாவைத் தேர்ந்தெடுத்தது நானில்லை. கங்காணி. அந்த அம்மாள் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை, ஒரு நாளாவது லயம் அமைதியாக இருக்கட்டும் என்று அனுப்பினாராம். போனது பரீட்சைக்கு என்பதே அந்த அம்மாள் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். "கேணிக்கரைத் தொரை உத்தரவு போட்டுட்டாரு, மூணு பேரு சாட்சி" என்று லயம் முழுக்கச் சொல்லியாயிற்று.

இதையெல்லாம் நீ நம்ப வேண்டாம். ஒரு காலை இங்கே வா. அந்தப் பெஞ்சில் துரைக்குப் பக்கத்தில் உட்கார். அப்புறம் உன் மனசுக்குப் பட்டதைப் போடு. தவறவைத்தாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நீ எனக்கு எழுதாத மாதங்களில் இதைச் சொல்ல ஆளில்லாமல் எவ்வளவு தவித்தேன் தெரியுமா?

உன்,
சதாசிவம்

*

ஜொகூர் பாரு
18-12-1935

என் அருமைச் சதாசிவத்துக்கு.

நேற்று உன் வீட்டில் நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். எனக்கு எழுத்தில்தான் தைரியம்.

நோன்பு வாயோடு அந்தப் பெஞ்சில் பாதிக் காலை உட்கார்ந்தேனே, பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்தவர் "வீட்ல துக்கமா சாயபு?" என்று கேட்டுவிட்டார். கண் அப்படிச் சிவந்திருந்தது. என் முன்னால் உட்கார்ந்திருந்த சிறுமி திரும்பிப் பார்த்து, "மொத நாளு அப்படித்தாங்க இருக்கும்" என்று ஆறுதல் சொன்னாள். முதல் நாளாம்! அந்தக் குழந்தைக்கு எத்தனை நாள் ஆயிற்றோ? நான் நாலு வருஷமாக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மார்க்குப் போடுகிறேன். பாடம் நடக்கிற இடத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. போகாமலே உன்னைக் கிளி ஜோசியன் என்றேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

துரையைப் பற்றிச் சொல்கிறேன். என்னைப் பஸ் ஏற்றிவிட அவர் கூட நடந்து வந்தார் அல்லவா? ஆற்றோரம் இரண்டு பேர் தூண்டில் யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். துரை நின்று கேட்டார். அவருக்குப் பாதிதான் புரிந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. உடனே, "அண்ணே, எனக்குப் புரியல. மெதுவாச் சொல்லுங்க" என்றார். அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள். மறுபடி ஒன்று கேட்டார். புரிந்துகொண்டார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். புரியவில்லை என்று தமிழில் சொல்லத் தெரிந்த துரையை நான் இதுவரை ஒருவரைக்கூடத் தேற வைத்ததில்லை. அப்படிச் சொல்ல எங்கள் பரீட்சை இடமே கொடுத்ததில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கென்ரிக் துரை பாஸ். சங்கத்துக் கடிதம் நாளை மறுநாள் வரும். நீ இன்றைக்கே சந்தோஷப்பட்டுக்கொள்.

முனீர்

*

வெள்ளைப்பாலம் தோட்டம்
24-12-1935

அன்புள்ள முனீருக்கு.

துரை பாஸ் என்றதும் லயத்தில் மேளம் கொட்டிவிட்டார்கள். பிள்ளைகள் துரையைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வெளிப் பரீட்சையில் தேறிய முதல் மாணவர் அவர்தானே!

ஆனால் அரிசி ஸ்டோர் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. பெரிய துரையிடம் போய், "பார்க்கலாம் என்று சொன்னீர்களே" என்று நினைவூட்டினேன். "பார்க்கலாம் என்றுதானே சொன்னேன்? பார்த்தேன். வசதிப்படாது" என்றார். அவர் குதிரைச் சேணம், பழைய நாற்காலி எல்லாம் அங்கே போட்டு வைக்கப் போகிறாராம். கென்ரிக் துரை, "நான் உத்தரவு கொடுத்துவிட்டேன்" என்று சொன்னதற்கு, "பரீட்சையில் சொன்னது விளையாட்டு. அது உத்தரவாகாது" என்று முடித்துவிட்டார்.

நேற்று திங்கட்கிழமை. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் எல்லோரும் விளக்குமாறும் தண்ணீர் வாளியுமாக ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் யார், சொல்ல வேண்டுமா? பெரிய துரை வெளியே வந்தார். எப்போதும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற ஆபீஸ் கிராணி லெட்சுமணன் பட்டணத்துக்குப் போயிருந்தார். கிருஷ்ணம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "தொரை, சின்னத் தொரை பாஸ் பண்ணிட்டாருன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அவரு என்ன பேசுனாருன்னு அவருக்குப் புரிஞ்சுதானே பேசுனாரு? புரிஞ்சு சொன்னா அது உத்தரவுதானே? இல்ல, அது புரியாம ஒளறுனதுன்னா அவரு எப்படிப் பாஸானாரு?"

அந்தக் கேள்விக்கு உங்கள் கோர்ட்டில் எந்த வக்கீல் பதில் சொல்வார்? பெரிய துரை பெண்களைப் பார்த்தார், ஓரமாக நின்ற கென்ரிக் துரையையும் என்னையும் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி, கணீரென்ற தமிழில் சொன்னார்:

"ஆட்டைக் கட்டி வை. நாளைக்கு விசாரிக்கிறேன். நீ போய் வேலையைப் பார்."

ஒரு விநாடி ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கிருஷ்ணம்மா, "அலமாக்! நம்மகிட்ட ஏது தொரை ஆடு?" என்றாரே பார், வாளிகள் எல்லாம் கீழே விழுகிற மாதிரி சிரிப்பு! கென்ரிக் துரை தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார். நான் கரும்பலகைத் துணியை வாயில் வைத்துக்கொண்டேன். முனீர், உங்கள் ஐயாசாமியிடம் அவரும் பாஸ் பண்ணியிருக்கிறார்! பெரிய துரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்னவோ உண்மை. சாயங்காலம் தனியாக உட்கார்ந்தபோது துக்கமும் வந்தது. நாளைக்கும் பிள்ளைகள் அந்தப் புகையில்தானே உட்கார வேண்டும்? ஏதாவது வழி இருந்தால் சொல். இந்தத் தடவை நான் கேள்வியைக் கேட்கவில்லை. நியாயத்தைக் கேட்கிறேன்.

சதாசிவம்

*

ஜொகூர் பாரு
28-12-1935

அன்புள்ள சதாசிவத்துக்கு.

பெருநாள் வாழ்த்தோடு உன் கடிதம் பற்றியும் எழுதுகிறேன். ஜெய்னம்பு பெருநாள் இனிப்புக்கு வட்டலப்பம் அவிக்கும்போது வாசித்துக் காட்டினேன். ஆடு வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதனால் வட்டலப்பம் கொஞ்சம் இறுகிப்போயிற்று. அப்படியே அனுப்பியிருக்கிறேன். உன் பெரிய துரை மேல் பழி போட்டுக்கொண்டு தின்னுங்கள்.

கிருஷ்ணம்மா கேட்டதை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்து, சங்கத்துத் தலைவர் துரையிடம் நேரில் வாசித்தேன். ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. துபாஷி வேலைக்கு நான் துரோகம் செய்ய மாட்டேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அப்புறம் யோசித்தார். "அந்தப் பெண் சொல்வது சரிதானே?" என்றார்.

உங்கள் பெரிய துரைக்கு இன்றைக்கு ஒரு கடிதம் போகிறது. கென்ரிக் துரை முறையீட்டைப் புரிந்துகொண்டு தகுந்த உத்தரவு கொடுத்தார் என்பதற்காகவே சங்கம் மார்க்குப் போட்டது. அந்த உத்தரவு தோட்டத்தில் செல்லாது என்றால் அவர் புரிந்து சொல்லவில்லை என்று ஆகும். மார்க்கைத் திருத்தி, கம்பெனிக்கும் எழுத வேண்டியிருக்கும். எது சரி என்று தெரிவிக்கவும். இவ்வளவுதான் கடிதம்.

அடியில் தலைவர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார். ஆட்டு வழக்குக் காலத்தில் தேறிய பழைய துரைமாரையும் ஒரு தடவை திரும்பக் கூப்பிட்டுப் பரீட்சை வைத்தால் என்ன என்று சங்கம் யோசிக்கிறதாம், முதலில் யாரைக் கூப்பிடலாம் என்று ஆலோசனை சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

என்ன நடந்தது என்று உடனே எழுது. நான் தபால்காரனை வாசலிலேயே பிடித்துக்கொள்வேன்.

முனீர்

*

வெள்ளைப்பாலம் தோட்டம்
7-1-1936

என் முனீருக்கு.

கடிதம் வந்த அன்று பெரிய துரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்று சமையல்காரர் சொன்னார். சாயங்காலம் அவரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். சாவியை நீட்டினார். போக இருந்தவர் திரும்பி நின்று, "மாஸ்டர், உமக்குச் சாயங்காலத்தில் நேரம் இருக்குமா?" என்று குரலைத் தாழ்த்தி இங்கிலீஷில் கேட்டார். இருக்கும் என்றேன். அவருக்கு எந்தப் பெஞ்சு என்று பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பெண்கள் கழுவித் தள்ளினார்கள். கிருஷ்ணம்மாவின் வாய் எலிகளையும் துரத்திவிட்டது. கென்ரிக் துரை சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறி ஜன்னல் எல்லாவற்றையும் தூசி போகத் துடைத்தார். நேற்று காலை பிள்ளைகள் வரிசையாகப் புது இடத்துக்கு வந்தார்கள். உள்ளே வந்ததும் யாரும் உட்காரவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சத்தில் ஒருவரையொருவர் புதிதாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இன்றைக்கு நடந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். ராஜம்மா என்று ஒரு பெண். பால் வெட்டுகிற செல்லப்பனின் மகள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நான் அவளைத் தேற விடவில்லை. புத்தகத்தை விரித்தால் கண்ணைத் தேய்ப்பாள், இரண்டு சொல் படிப்பாள், நின்றுவிடுவாள். இவளுக்குப் படிப்பு ஏறாது என்று தீர்மானித்து, கடைசிப் பெஞ்சில், புகைவீட்டுச் சுவர் ஓரமாக உட்கார வைத்திருந்தேன். இன்று இடம் மாறியதில் அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். ஏதோ ஞாபகத்தில் அவளை வாசிக்கச் சொன்னேன்.

வாசித்தாள், முனீர். தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த கென்ரிக் துரை அவள் வேகத்துக்கு விரலை ஓட்ட முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டு அவளையே பார்த்தார். நான் இத்தனை நாளும் சோதித்தது புகையை. தவறியது என்று எழுதி வைத்தது அவள் பெயரை.

சொன்ன பாடம் முடிந்துவிட்டது. அவள் பக்கத்தைத் திருப்பி, நான் இன்னும் நடத்தாத அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். நானும் என் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற மணி அடித்தார்கள். ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. ராஜம்மா வாசித்துக்கொண்டே இருந்தாள்.

உன்,
சதாசிவம்